கடைசிக் குழி ஓரம் இரண்டு நாற்காலிகள்

தங்கையின் பிரசவத்துக்கு அண்ணன் விமானம் ஏறிப் போனான் என்று சொன்னால் குமாரபாளையத்தில் இன்றைக்கும் சிரிப்பார்கள். முறைப்படி போக வேண்டியது அம்மா. அவருக்கு முழங்கால் வீங்கி, பவானிப் பாலத்தையே நடந்து தாண்ட முடியாத நிலை. என் மனைவி போகலாம் என்றால் பெரியவளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. கடைசியில் அம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நீ போ சாமி. பொறந்த ஊட்டு மனுசங்க ஒருத்தரு கண்ணுல பட்டாப் போதும், புள்ளைக்குத் தெம்பு வந்துரும்."

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தறிக்குள் இறங்கியவன். எட்டு விசைத்தறி போட்டுத் துண்டும் லுங்கியும் ஓட்டுகிறேன். ஈரோட்டில் ஒரு ராத்திரி தங்கினாலே தூக்கம் வராது. தறிக் கூடத்து மெயின் சுவிட்சை இறக்கினேனா, பின்கதவுக்குக் கொண்டி போட்டேனா என்று மனசு ஊருக்கும் லாட்ஜுக்குமாக நடந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்டவனை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள்.

சுங்கச் சோதனையில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி, பிள்ளை பெற்றவளுக்கென்று அம்மா கிளறிக் கொடுத்த லேகியத்தை எடுத்து முகர்ந்து பார்த்தார். கறுப்பாக, பிசுபிசுப்பாக இருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? எனக்கே வந்தது. கைகளைத் தொட்டில் போல ஆட்டிக் காட்டினேன். அவர் ஒரு பெண் அதிகாரியை அழைத்தார். அந்த அம்மாள் என் கைகளைப் பார்த்தார், லேகியத்தைப் பார்த்தார், சிரித்துவிட்டார். லேகியத்தை விட்டுவிட்டு முருங்கைக்காயைப் பிடுங்கிக்கொண்டார்கள். போனால் போகட்டும்.

ஜார்ஜியா மாநிலத்தில் ஆற்றங்கரை ஊர் அது. மாப்பிள்ளை தங்கவேல் அங்கே ஒரு துணி மில்லில் இன்ஜினியர். நான் போய்ச் சேர்ந்த சில நாட்களிலேயே தங்கை கமலத்துக்கு ஆண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். நான் ரசம் வைத்தேன், பூண்டு உரித்தேன், துணி காயப்போட்டேன். மருத்துவமனையில் ஒரு நர்சு என்னைக் காட்டி யார் என்று கேட்டாளாம். "எங்கம்மான்னு சொல்லிட்டேனுங்ணா" என்றாள் கமலம்.

பக்கத்து வீட்டில் ராய் என்கிற பெரியவர் இருந்தார். மாப்பிள்ளையின் மில்லிலேயே தறி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலி கிடையாது. அந்த ஊரில் எனக்கு வந்த முதல் கவலை அதுதான். ஒருநாள் நான் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தபோது அவர் பாட்டுக்கு நடந்து வந்து என் துண்டைப் பிடித்துப் பார்த்தார். கரையைத் திருப்பினார், கண்ணருகே கொண்டுபோய் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிறகு வலது கையை இப்படியும் அப்படியுமாக வீசிக் காட்டினார். தறியில் ஓடும் ஷட்டில்! நான் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, எட்டு விரல்களை நீட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கியதில் தோள்பட்டை வலித்தது.

தறி ஓடும் கூடத்தில் வாயால் பேசினால் யாருக்கும் கேட்காது. எங்கள் ஊரில் இழை அறுந்தால் ஒரு சைகை, பாபினில் நூல் தீர்ந்தால் ஒரு சைகை, முதலாளி வருகிறார் என்றால் கண்ணாலேயே ஒரு சைகை. ராயின் மில்லிலும் அப்படித்தானாம். போதாததற்கு அவருக்கு ஒரு காது மந்தம். எனக்கு இங்கிலீஷ் இல்லை, அவருக்குக் காது இல்லை. பீம், ஷட்டில், வார்ப் என்கிற தறி வார்த்தைகளும் இரண்டு பேரின் கைகளும் சேர்ந்து மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன.

ஏப்ரல் பிறந்ததும் ஊருக்கே திருவிழாக் களை வந்துவிட்டது. வீட்டு வாசல்களில் வெள்ளையும் ரோஜா நிறமுமாகப் புதர் புதராகப் பூக்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் லீவு. என்ன விசேஷம் என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன்.

"கோல்ஃப் போட்டிங்க மச்சான். குச்சில அடிச்சுப் பந்தைக் குழிக்குள்ள தள்ளோணும். ஒலகத்துலயே பேர் போன போட்டி இங்கதான் நடக்குது. இந்த ஊருக்கு இது தேரோட்டமுங்க."

உள்ளே போக பேட்ஜ் ஒன்று வேண்டும். அது லேசில் கிடைக்காது. ராயும் அவர் மனைவி டோரதியும் கல்யாணமான புதிதில் வாங்கியது வருஷா வருஷம் புதுப்பித்து வருகிறதாம். அந்த வருஷம் டோரதி வாசற்படியில் தடுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு போட்டிருந்தார். அதனால் அவருடைய பேட்ஜுக்கு ஆள் இல்லை. மில்லில் எத்தனையோ பேர் கேட்டும், தறிக்காரன் ஒருத்தன் பக்கத்து வீட்டில் இருக்கும்போது வேறு யாருக்குக் கொடுப்பது என்று ராய் சொல்லிவிட்டாராம்.

புதன்கிழமை டோரதி எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசினார். கமலம் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டியபடியே எனக்குச் சொன்னாள்.

"கடைசி நாள் பொழுதோட டி.வி.ல கடைசிக் குழியக் காட்டுவாங்களாமுங்ணா. அதுக்குப் பக்கத்துல முன் வரிசைல இவங்க ரெண்டு பேரும் உக்காந்திருப்பாங்களாம். கல்யாணம் ஆனதுல இருந்து அதே எடமாம். இந்த வருஷம் அவரயாச்சும் அங்க பாக்கோணுமாம். யாரு ஜெயிச்சா என்ன, தோத்தா என்ன, அவரு அங்க உக்காந்திருக்கறதப் பாத்தாத்தான் இவங்களுக்குப் போட்டி முடிஞ்ச மாதிரியாம்."

நான் தலையை ஆட்டினேன். ஆட்டிய பிறகுதான் யோசித்தேன். உலகம் பூராவும் பேர் போன போட்டியில் முன் வரிசை எப்படிக் கிடைக்கும்? மாப்பிள்ளை விளக்கினார். விடிந்ததும் கதவு திறப்பார்கள், நாற்காலியைக் கொண்டுபோய் இடத்தில் போட்டுவிட்டு ஆட்டம் பார்க்கப் போய்விடலாம், சாயங்காலம் வந்து உட்கார்ந்துகொள்ளலாம்.

"அதுவரைக்கும் நாற்காலிக்கு யாருங்க காவல்?"

"யாருமில்லீங்க."

"யாராச்சும் தூக்கிட்டுப் போயிட்டா?"

"போக மாட்டாங்க மச்சான். அது இங்க வழக்கம்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆடிப் பதினெட்டுக்குக் காவிரிக் கரையில் பாயை விரித்துவிட்டு, முங்கிவிட்டு வருவதற்குள் அதில் வேறொரு குடும்பம் உட்கார்ந்து கட்டுச்சோற்றை அவிழ்த்திருக்கும். சண்டை போட்டால், "ஏனுங்க, பாய்ல பேரா எழுதியிருக்குது?" என்பார்கள்.

வியாழக்கிழமை முதல் நாள். ராயின் பழைய பிக்-அப் வண்டியில் போனோம். அங்கே வண்டி சாலையின் வலது பக்கமாகப் போவதால் எதிரே வருவதெல்லாம் என் மேலேயே வருவது போலிருந்தது. இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்து மிதித்து, இறங்கும்போது எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஒரு புல்வெளியில் வண்டியை விட்டுவிட்டு ராய் கதவைக்கூடப் பூட்டாமல் நடந்தார். நான் திரும்பிப் போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு வந்தேன்.

கதவு திறந்ததும் கூட்டம் உள்ளே போன விதத்தை எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்காரர்கள் பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான பேர், கையில் மடக்கு நாற்காலி, எல்லோருக்கும் அவசரம். ஆனால் ஓடக் கூடாது, அது அங்கே சட்டம். யாராவது காலை எட்டிப் போட்டால் தொப்பி போட்ட காவலர் "நடங்கள், தயவு செய்து நடங்கள்" என்று மெதுவாகச் சொல்கிறார். எழுபது வயசுக் கிழவிகள்கூட இடுப்பை வெட்டி வெட்டி நடக்கும் வேகத்தில் ஈரோடு பஸ்ஸையே பிடித்துவிடலாம்.

கடைசிக் குழி ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. குழி என்றால் உழக்கு அகலம்தான். அதைச் சுற்றி வழித்து மெழுகிய மாதிரிப் புல். கயிற்றுக்குப் பின்னால் முன் வரிசையில் ராய் தம் இரண்டு நாற்காலிகளையும் விரித்தார். நான் துணியைத் தொட்டுப் பார்த்தேன். கனத்த கேன்வாஸ், நெருக்கமான நெசவு. தாம் பழுது பார்த்த தறியில் ஓடிய துணி என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினார் ராய். இடது பக்கம் பெரிய வைக்கோல் தொப்பி போட்ட ஒரு அம்மாள், வலது பக்கம் டிராக்டர் விற்கும் ஒரு தடித்த மனிதர். மூன்று பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். டோரதியின் காலைப் பற்றி விசாரித்தார்கள். ஒருவர் ஊர் ஒருவருக்குத் தெரியாதாம். வருஷத்தில் இந்த நாலு நாள், இந்தப் புல்லின் மேல் மட்டும்தான் பழக்கம்.

பிறகு ராய் நாற்காலிகளை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினார். வைக்கோல் தொப்பி அம்மாளும் கிளம்பினார். அந்தத் துணியை விட்டுவிட்டு நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

ஆட்டம் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? எப்போதோ ஜெயித்து இப்போது கிழவராகிவிட்ட ஒரு பழைய ஆட்டக்காரர் வந்து முதல் பந்தை அடிக்கிறார். அது கணக்கில் சேராது. பந்து கொஞ்ச தூரம்தான் போயிற்று. ஆனாலும் கூட்டம் கை தட்டிய தட்டலில் எனக்கு மயிர் கூச்செறிந்தது. ஆயுத பூஜை அன்று நாங்கள் ஓட்டாத தறியையும் துடைத்துப் பொட்டு வைப்போம். அந்த ஞாபகம் வந்தது.

கோல்ஃப் எனக்கு முழுசாகப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். அத்தனை காணி நிலத்தையும் பார்த்தபோது கடலை போட்டால் என்ன விளையும் என்றுதான் முதலில் தோன்றியது. பந்து பறக்கும்போதெல்லாம் தலையில் கையை வைத்துக்கொண்டேன். ஆனால் அந்த நிசப்தம் எனக்குப் பிடித்துவிட்டது. ஆட்டக்காரர் குச்சியைத் தூக்கினால் பத்தாயிரம் பேர் மூச்சை அடக்குகிறார்கள். பேசக் கூடாத அந்த நேரத்தில் நானும் ராயும் மட்டும் கைகளால் பேசிக்கொண்டே இருந்தோம். எங்களுக்கு அது தினப்படி வேலை.

மத்தியானம் பச்சைத் தாளில் சுற்றிய சாண்ட்விச் வாங்கித் தந்தார். வெள்ளை ரொட்டி, நடுவில் மஞ்சளாக எதையோ பூசியிருந்தது. மாடோ ஆடோ என்று நான் பயந்து திறந்து பார்த்ததும் ராய் இரண்டு கைகளாலும் மாட்டில் பால் கறப்பது போலக் காட்டினார். பாலாடைக்கட்டியும் சிவப்புக் குடைமிளகாயும்தான். அந்தக் காலத்தில் இருந்து மாறாத பண்டமாம், இதைத் தின்னாமல் வந்தால் போட்டிக்கு வந்த கணக்கே இல்லையாம். எனக்கு உப்புச் சப்பில்லாமல் இருந்தது. சட்டைப்பையில் இருந்த எலுமிச்சை ஊறுகாயை எடுத்து உள்ளே தடவிக்கொண்டேன். ராய் கையை நீட்டினார். ஒரு வாய் தின்றதும் அவர் முகம் போன போக்கில் நான் தண்ணீருக்கு ஓடப் பார்த்தேன். காவலர் "நடங்கள்" என்றார். திரும்பி வந்தபோது ராய் மறுபடி கையை நீட்டிக்கொண்டிருந்தார். குடிக்கக் கொடுத்த தேநீரில் ஐஸ் மிதந்தது. தேநீரை ஆறவிட்டாலே எங்கள் ஊரில் டீக்கடைக்காரர் முறைப்பார்.

சாயங்காலம் போனால் இரண்டு நாற்காலிகளும் போட்டபடியே இருந்தன. நான் கால்களை ஆட்டிப் பார்த்தேன், துணியைத் தடவிப் பார்த்தேன். சரி, இன்றைக்குத் தப்பித்தது என்று நினைத்துக்கொண்டேன். ஊறுகாய் பாட்டில் வைக்கோல் தொப்பி அம்மாளிடமும் டிராக்டர்க்காரரிடமும் போய் வந்தது. டிராக்டர்க்காரர் கண்ணீர் விட்டு அழுதார். மறுநாளும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை திரும்பும்போது பிக்-அப் வண்டி கிளம்பவில்லை. பாட்டரி இறங்கிவிட்டது. நான் வேட்டியை மடித்துக் கட்டும் பழக்கத்தில் பேண்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு பின்னால் போய்க் கை வைத்தேன். யாரென்றே தெரியாத நாலைந்து பேர் வந்து சேர்ந்துகொண்டார்கள். தள்ளினோம், வண்டி உறுமியது, எல்லோரும் ஓவென்று சத்தம் போட்டார்கள். வண்டி தள்ளும்போது ஓடலாம் போலிருக்கிறது, யாரும் எதுவும் சொல்லவில்லை. பள்ளிபாளையம் சாலையில் எத்தனை டெம்போ தள்ளியிருப்பேன். உலகத்தின் அந்தப் பக்கத்திலும் அதே இடத்தில்தான் கை வைக்க வேண்டியிருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை.

சனிக்கிழமை பேட்ஜை மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு நான் வீட்டில் இருந்தேன். கமலத்துக்கு மிளகு ரசம் வைத்து, டோரதிக்கும் ஒரு டம்ளர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் தும்மினார், மூக்கைத் துடைத்தார், டம்ளரைக் காலி செய்தார். பிறகு டி.வி.யில் எந்த மூலையைப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் கமலத்துக்கும் விரல் வைத்துக் காட்டினார். படம் கண் சிமிட்டும் நேரத்தில் ஓடிவிடுகிறது. நாளைக்கு அந்தச் சிமிட்டலுக்குள் ராய் இருக்க வேண்டும். அன்று முழுவதும் எனக்கு அதே நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலப் போனோம், வழக்கம்போல நாற்காலிகளைப் போட்டோம். ராய் தம் தொப்பியைத் தூசி தட்டிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். குளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு குழியில் நின்று ஆட்டம் பார்த்தோம். சாயங்காலம் நெருங்கும்போது நான் கழிப்பறைக்குப் போவதாகச் சைகை காட்டிவிட்டுக் கிளம்பினேன். போகிற வழிதானே, நாற்காலியை ஒரு எட்டு பார்த்துவிடலாம் என்று மேட்டின் மேல் ஏறினேன்.

ராயின் நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான்.

சாய்ந்து, கால் மேல் கால் போட்டு, தன் வீட்டு முற்றம் மாதிரி உட்கார்ந்திருந்தான். காலி நாற்காலியில் யாரும் சற்று நேரம் உட்காரலாம், சொந்தக்காரர் வந்தால் எழுந்துவிட வேண்டும் என்பதும் அங்கே வழக்கமாம். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் பக்கத்தில் போய் நின்று அவனையே பார்த்தேன். அவன் சட்டென்று எழுந்து, சிரித்து, தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டான். அந்தச் சிரிப்பு எனக்குத் திருட்டுச் சிரிப்பாகவே தெரிந்தது. அக்கம்பக்கம் முழுக்கத் தெரியாத முகங்கள். இவன் போனால் இன்னொருவன் வருவான். அப்புறம் டோரதிக்கு என்ன பதில் சொல்வது?

இரண்டு நாற்காலிகளையும் மடக்கித் தலையில் வைத்துக்கொண்டேன். வைக்கோல் தொப்பி அம்மாள் அப்போதுதான் தம் இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். நான் சிரித்துவிட்டு நடந்தேன். பொருள் நம் கைக்கு வந்துவிட்டது, இனி எவனும் தொட முடியாது. அத்தனை நாளில் முதல் தடவையாக மனசு லேசாகி, பூக்களைப் பார்த்துக்கொண்டே குளத்தைச் சுற்றி வந்தேன்.

ராய் என்னைப் பார்த்தார். தலையில் இருந்ததைப் பார்த்தார். நான் நாற்காலிகளை இறக்கி, தட்டிக் காட்டி, பத்திரம் என்று சிரித்தேன். அவர் மேட்டுப் பக்கம் கையைக் காட்டினார். பிறகு இரண்டு கை விரல்களையும் சேர்த்துப் பிடித்து, பட்டென்று பிரித்தார்.

இழை அறுந்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்காலியைக் காப்பாற்றிவிட்டேன், இடத்தை விட்டுவிட்டேன். மேட்டைப் பார்த்தால் கறுப்பாகக் கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. கையைக் கூப்பிவிட்டேன். ராய் என் கைகளைப் பிரித்துவிட்டு, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துத் திருகிக் காட்டினார். அறுந்தால் முடிச்சுப் போடு. ஆனால் அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

நடந்தோம். ஓடக் கூடாதே. நான் இரண்டு நாற்காலிகளையும் தலையில் வைத்துக்கொண்டு முன்னால், அவர் மூச்சு வாங்கியபடி பின்னால். கடைசி ஜோடி ஆட்டக்காரர்கள் எங்களுக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருந்தார்கள். என் கால் இரண்டு தடவை தன்னையறியாமல் ஓட, இரண்டு தடவையும் ஒரு காவலர் கையைத் தூக்கினார். பவானி அம்மனிலிருந்து எங்கள் தெருப் பிள்ளையார் வரை ஒருவரையும் நான் விட்டுவைக்கவில்லை. மேட்டில் ஆட்கள் எட்டு வரிசை, பத்து வரிசையாக நின்றார்கள். எனக்குத் தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தைகளில் ஒன்றான "ப்ளீஸ்" சொல்லிக்கொண்டே நுழைந்தேன். நாற்காலியைப் பார்த்ததும் வழி விட்டார்கள். கயிறு வரை போய்விட்டோம்.

முன் வரிசையில் ஒரு பல் விழுந்த மாதிரி இடைவெளி இருந்தது. இரண்டு நாற்காலி அகலம். அதில் ஒரு பக்கம் புல்லின் மேல் வைக்கோல் தொப்பி. தொப்பி இல்லாத தலையோடு அந்த அம்மாள் வெயிலில் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார். இன்னொரு பக்கம் பெரிய பூட்ஸ் ஒன்று. டிராக்டர்க்காரர் ஒரு கால் பூட்ஸும் ஒரு கால் வெறும் காலுறையுமாக உட்கார்ந்து, பின்னால் நெருக்கியவர்களிடம் இந்த இடத்துக்கு ஆள் உண்டு என்று கையைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். வந்து உட்கார்ந்ததில் இருந்து அப்படித்தான் இருந்தாராம்.

அந்த அம்மாள் ராயிடம் சொன்னதைப் பிற்பாடு மாப்பிள்ளை எனக்குத் தமிழில் சொன்னார்: "உங்கள் கூட்டாளி நாற்காலியைத்தானே எடுத்துக்கொண்டு போனார், இடத்தை எடுத்துக்கொண்டு போகவில்லையே." நான் தலையில் சுமந்து போனபோது அவர் கேட்டதும் ராய்க்கு உடம்பு சுகமில்லையா, நாற்காலி அங்கே தேவைப்படுகிறதா என்றுதானாம்.

நான் நாற்காலிகளை விரித்தேன். அவசரத்தில் விரல் மாட்டிக்கொண்டது, அதுகூட நன்றாகத்தான் இருந்தது. ராய் உட்கார்ந்தார். முழங்கால்களில் கையை ஊன்றி, நிமிர்ந்து, எதிரே உயரத்தில் இருந்த கேமராப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். டிராக்டர்க்காரர் பூட்ஸை எடுத்துப் போட்டுக்கொண்டார். அதற்குள் கடைசி ஆட்டக்காரர் வந்து நின்றுவிட்டார். பத்தாயிரம் பேர் மூச்சை அடக்கினார்கள். எனக்கு அடக்க மூச்சே மிச்சம் இல்லை. பந்து உருண்டு, விளிம்பில் யோசித்து, உள்ளே விழுந்தது. அந்த ஊரே கத்தியது. யார் ஜெயித்தார் என்று தெரியாமலேயே நானும் கத்தினேன்.

ஜெயித்தவருக்குப் போன வருஷம் ஜெயித்தவர் தம் கையாலேயே பச்சைக் கோட்டு மாட்டிவிடுவாராம். எங்கள் மாரியம்மன் கோயிலில் பரிவட்டம் கட்டுவது மாதிரி. அந்தக் கோட்டுக்கு எத்தனையோ பேர் ஆசைப்படுகிறார்கள், காசு கொடுத்து வாங்க முடியாது. கூட்டம் கலையும்போது வரிசையில் எல்லோரும் எழுந்து நாற்காலியை மடக்கினார்கள். "அடுத்த வருஷம், இதே இடம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக் கை கொடுத்தார்கள். என்னிடமும் சொன்னார்கள். நானும் "எஸ்" என்றேன். டிராக்டர்க்காரர் ஊறுகாய் பாட்டிலைக் கேட்டு வாங்கித் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு டோரதியின் முகம்தான். நடுவில் அந்த இடத்தை டி.வி.யில் காட்டியிருந்தால்? நாற்காலி இல்லாத இடத்தைப் பார்த்து அந்த அம்மாள் என்ன பாடு பட்டிருப்பார்? டோரதியின் வீட்டுக்குள் நுழைந்ததும் அங்கே இருந்த கமலத்திடம்தான் முதலில் கேட்டேன்.

"காட்டினாங்களே. மூணு தடவ காட்டினாங்க. நாற்காலியக் காணம். எனக்குப் பகீர்னுச்சுங்ணா. இந்தம்மா பாட்டுக்கு ரசத்தக் குடிச்சுட்டு உக்காந்திருக்குது. பயமா இல்லீங்களான்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"எடம் காலியாத்தான கெடக்குது, அதுல என்ன பயம்னாங்க. நெருங்கி உக்காந்துட்டாங்கன்னாத்தான் பயப்படோணுமாம். காலியா உட்டு வெச்சிருக்காங்கன்னா அவரு வாராருன்னு அர்த்தமாம். நீங்க ஏனுங்ணா இப்பிடி வேர்த்து நிக்கறீங்க?"

டோரதி ராயைப் பக்கத்தில் உட்காரவைத்து அவர் தொப்பியை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். நான் ஏன் நாற்காலியைத் தூக்கினேன் என்று கமலம் அவருக்கு எங்கள் ஊர்க் கதையைச் சொல்ல, மாவுக்கட்டு குலுங்கச் சிரித்தார். ராயும் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்துக் கையும் வாயுமாக அவர் சொன்னதைக் கமலம் தமிழில் சொன்னாள். நாற்காலிதான் இடத்தைப் பிடித்து வைக்கிறது என்று இத்தனை வருஷமாக அவரும் நினைத்திருந்தாராம். எடுத்துப் பார்த்தால்தானே தெரியும்?

அன்று பொழுது சாயும்போது பார்த்தேன். ராய் இரண்டு நாற்காலிகளையும் வண்டியிலிருந்து இறக்கி, வாசல் புல்லில் விரித்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். வேலி இல்லை, தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நான் எடுத்து உள்ளே வைக்கவில்லை. ஜன்னல் வழியாக இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான்.